கழுத்து ஸ்பீக்கர்: யாருக்காக வாங்குகிறோம்?



காதுக்குள் செருகும் கருவியைத் தாங்க இயலாத முதியவர்கள் நம் இல்லங்களில் பலர் உள்ளனர். சிலருக்குக் காது அரிக்கிறது. சிலருக்குச் செவித்துளையில் புண் உண்டாகிறது. காது கேட்கும் கருவி அணிந்தவருக்கோ இன்னொன்றைச் செருக இடமே இல்லை. இத்தகையோர் கிராஅத்தும் பயானும் கேட்பதற்காகக் கழுத்தில் மாலைபோல் அணியும் ஸ்பீக்கரை வாங்கலாமா, எந்த நிறுவனத்தினுடையது நல்லது என்று சகோதரர்கள் விசாரிக்கின்றனர். எந்த நிறுவனம் என்ற கேள்வி பிறகு வரட்டும். யார் அணியப்போகிறார், எங்கே அணியப்போகிறார் என்பவற்றை முதலில் முடிவுசெய்துவிட்டால், கடையில் உள்ளவற்றுள் பாதி தாமாகவே விலகிவிடும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊர்க் கடைகளில் 'நெக்பேண்ட்' என்று கேட்டால் எடுத்துத் தருவது, பட்டை கழுத்திலும் குமிழ் காதிலும் இருக்கும் இயர்போனை. நாம் பேசுவது அதைப் பற்றியன்று. தோள்மீது அமர்ந்து, காதை மூடாமல், மேல்நோக்கி ஒலி எழுப்பும் கருவியைப் பற்றியே பேசுகிறோம். இணைய விற்பனைத் தளங்களில் இவை இரண்டும் கலந்தே கிடக்கின்றன. படத்தை உற்றுப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர், தாம் தவிர்க்க நினைத்ததையே பெற்றுக்கொள்ள நேரிடும்.

2017இல் போஸ் நிறுவனம் சவுண்ட்வேர் கம்பேனியன் என்ற கருவியை வெளியிட்டது. எடை 266 கிராம், ஒருமுறை மின்னேற்றினால் 12 மணி நேரம் ஓடும் என்றது. 2021இல் சோனி இரண்டு வகைகளைக் கொண்டுவந்தது. எஸ்.ஆர்.எஸ்.-என்.எஸ்.7 தொலைக்காட்சியில் படம் பார்ப்போரை மனத்தில் கொண்டது. எடை 319 கிராம், 12 மணி நேரம். எஸ்.ஆர்.எஸ்.-என்.பி.10 வீட்டிலிருந்து பணி செய்வோருக்கானது. எடை 113 கிராம், 20 மணி நேரம். இந்தியாவில் அது அறிமுகமானபோது விலை 11,990 ரூபாய்.

இந்த எண்களில் நாம் முதலில் பார்ப்பது எடையையே. எழுபது வயதைக் கடந்த ஒருவரின் கழுத்தில் 319 கிராமை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஏற்றிவைப்பது எளிதன்று. 113 கிராம் இருப்பதே பெரிதாகத் தெரியாது. பெரிய கருவியில் கனத்த தாள ஒலி நன்றாக வரும் என்பார்கள். வரட்டும், கிராஅத் கேட்பவருக்கு அதனால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. மணிக்கணக்கைப் பொறுத்தவரை, நிறுவனம் சொல்லும் நேரம் மிதமான ஒலியில் அளந்தது. ஒலியைக் கூட்டினால் நேரம் குறையும்.

ஓதலைக் கேட்க வாங்குவோர் கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. விற்பவர் திரைப்பாடலை ஒலிக்கவிட்டுக் காட்டுவார். அதை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியிலிருந்து சூரத்துன் நாஸை ஒலிக்கவிடுங்கள். அதன் ஆறு வசனங்களும் ஸீன் என்ற எழுத்திலேயே முடிகின்றன. அந்த மெல்லிய சீறல் தெளிவாக, காதைக் கீறாமல் வருகிறதா என்று கவனியுங்கள். அடுத்து சூரத்துல் இக்லாஸ். நான்கு வசனங்களும் தால் என்ற எழுத்தில் முடிந்து கல்கலாவின் சிறு அதிர்வை எழுப்புகின்றன. அந்த அதிர்வு மழுங்கிக் கேட்டால், விலை எவ்வளவு குறைவாயினும் அக்கருவி வேண்டா. முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண் கொண்ட இத்தகைய ஒலிகளைத்தான். ஆகவே வாங்கித் தரும் மகனுக்குத் தெளிவாகக் கேட்டால் போதாது. அத்தாவையோ உம்மாவையோ கடைக்கு அழைத்துச் சென்று அவர்கள் காதால் கேட்கச் செய்ய வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஒலியை மிக உயர்த்தினால்தான் கேட்கிறது என்று பெரியவர் சொன்னால், அவருக்குத் தேவை ஸ்பீக்கர் அன்று, செவித்திறன் பரிசோதனை. காது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதைத் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு கருவியை வாங்கிக் கழுத்தில் மாட்டிவிடுவது பெற்றோருக்குச் செய்யும் பணிவிடை ஆகாது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரமும், 90 டெசிபல் ஒலியை 4 மணி நேரம் மட்டுமே கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எஞ்சியிருக்கும் செவித்திறனையும் கருவியே தின்றுவிடலாகாது.

இனி, எங்கே அணிவது என்ற கேள்வி. திருவண்ணாமலை நகருக்கு மலையின் மறுபுறம், கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். மற்ற நாள்களில் அதே சாலையில் அதிகாலை நடப்போரும் இருசக்கர வண்டிகளும் பேருந்துகளும் ஒன்றாகச் செல்கின்றன. அங்கே காதை அடைத்துக்கொண்டு நடப்பது ஆபத்து. பின்னால் வரும் வண்டியின் ஓசை காதில் விழ வேண்டும் என்பதால், இயர்போனைவிடக் கழுத்து ஸ்பீக்கர் மேலானதே.

ஆனால் அதே பாதையில் ஒருவர் மௌனமாகத் தம் வழிபாட்டில் நடக்கும்போது, நம் கழுத்திலிருந்து பயான் முழங்கிச் செல்வது முறையா? அவருடைய வழிபாடு நம்முடையதன்று. ஆயினும் மார்க்கம் சொல்லும் அண்டை வீட்டார் உரிமை, அவர் எந்த மதத்தவர் என்று விசாரித்துவிட்டு வருவதன்று. பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது தோழர்கள் குரலுயர்த்தி ஓதுவதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், ஒருவர் ஓதல் மற்றவருக்கு இடையூறாக வேண்டா என்று தடுத்ததை அபூதாவூத் பதிவுசெய்துள்ளது. ஓதுவோரிடையிலேயே அந்த ஒழுங்கு எனில், பொதுச்சாலையில் எவ்வளவு பேண வேண்டும்! பக்திப் பாடலை உரக்க ஒலிக்கவிட்டு நடப்பவருக்கும் இது பொருந்தும்தான். அதை அவரிடம் சொல்லும் தகுதி, நம் ஒலியைக் குறைத்த பிறகே நமக்கு வரும்.

ஒலி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் கணக்கு உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது சுமார் 6 டெசிபல் குறையும். பத்து மடங்கானால் 20 டெசிபல் குறையும். காதிலிருந்து 15 சென்டிமீட்டரில் உள்ள கருவி அணிந்தவருக்கு 65 டெசிபலாகக் கேட்டால், ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 45 டெசிபலாகக் கேட்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் வகுத்த அளவும் அதே 45தான். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இன்னும் கூடுதலாகவே கேட்கும். ஸஹர் நேரத்தில் சமையலறையில் நிற்பவர், உறங்கும் குழந்தைகளை எழுப்பாமல் கேட்க இது உதவும். பேருந்தில், மருத்துவமனையில் காத்திருக்குமிடத்தில் உதவாது.

அன்றாடத்தில் வேறு சில உண்டு. கழுத்தில் இருப்பதே மறந்துபோகும் கருவி இது. ஓதல் ஒலித்துக்கொண்டிருக்கக் கழிவறைக்குள் நுழைந்துவிடுவது எளிது. எனவே தடவிப் பார்த்தே நிறுத்தக்கூடிய பொத்தான் உள்ளதா என்று பாருங்கள். தொடுபரப்பு மட்டும் உள்ளவை முதியவர்களுக்கு ஆகா. சோனியின் இரண்டு வகைகளுக்கும் உள்ள ஐ.பி.எக்ஸ்.4 என்ற குறி, தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது; ஒளூச் செய்யும்போது குழாயடியில் நனைக்கலாம் என்று சொல்லவில்லை. ஸஃப்பில் நிற்குமுன் கழற்றி அணைத்துவிட வேண்டும். ருகூவில் நழுவுவது ஒருபுறம் இருக்க, தொழுகை நடுவே அழைப்பு வந்தால் ஜமாஅத் முழுவதும் கேட்கும்.

அழைப்பு என்றதும் இன்னொன்று. எதிர்முனையில் பேசுபவர் தம் குடும்பத் துயரையோ கடனையோ சொல்லும்போது, அது அறையில் உள்ள அனைவர் செவியிலும் விழுவதை அவர் அறியமாட்டார். பிறர் நம்மை நம்பிச் சொல்லும் சொல் அமானிதம். இக்கருவியில் பேசுமுன், ஸ்பீக்கரில் பேசுகிறோம் என்று சொல்லிவிடுவதே நேர்மை.

விலைக்கு வருவோம். பெயர் தெரியாத மலிவுக் கருவிகளில், பெட்டியில் பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ளதா என்று பார்த்து, பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபாருங்கள். கழுத்தில் கிடப்பது லித்தியம் மின்கலம் என்பதை மறக்கவேண்டா. இனி, 'நோ காஸ்ட்' தவணை. பெரும்பாலான இத்தகைய திட்டங்களில் வங்கி வட்டியைக் கணக்கிடவே செய்கிறது. அதற்கு ஈடாக விற்பவர் தள்ளுபடி தருகிறார். அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நம்மிடம் வாங்கப்படுகிறது. பூஜ்ய வட்டி என்பது இல்லாத ஒன்று என 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. குர்ஆன் கேட்பதற்கென்று வாங்கும் கருவிக்கு வட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதை நம்மால் ஏற்க இயலவில்லை. அறிஞர்களிடம் இதில் மாற்றுக் கருத்து கேட்டறிந்தவர்கள் அதன்படி நடக்கட்டும். மற்றவர்கள், கையில் தொகை சேரும் வரை பொறுக்கலாம். அதுவரை, காலியான பீங்கான் கோப்பைக்குள் கைப்பேசியை நிறுத்திவைத்தால், கட்டிலருகே இருக்கும் பெரியவருக்கு ஓதல் முன்னைவிட நன்றாகவே கேட்கும்.