பழைய வீடும் பாட்டாளியின் பாடும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தார்கள் நம் முன்னோர். கல்யாணத்தை எப்படியோ கடனை உடனை வாங்கிப் பண்ணிப் பார்த்துவிடுகிறான் தொழிலாளி. வீட்டைக் கட்டிப் பார்க்கும் வாய்ப்பு சென்னை நகரில் அவனுக்கு இல்லாமற் போய் நெடுநாளாயிற்று. மனை விலை அவன் கைக்கு எட்டாது. புதிதாக எழும் அடுக்குமாடியின் விலையோ கண்ணுக்கே எட்டாது. ஆகவே அவன் இன்று தேடுவது பழைய வீடு. பிறர் வாழ்ந்து பார்த்து, சுவரில் ஓதம் ஏறி, தளத்தில் கீறல் விழுந்து, விற்பனைக்கு வந்திருக்கும் முப்பது நாற்பது வருஷத்து வீடு.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பற்றவைப்பு வேலை செய்கிறவன், துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவன், மாநகரப் பஸ்ஸின் டிரைவர் - இவர்கள் மாளிகையா கேட்கிறார்கள்? ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ் ஏறிப் போகும் தூரம். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பாரே என்ற அச்சமில்லாத உறக்கம். இனிமேல் சாமான் கட்டுவதில்லை என்ற நிம்மதி. இவ்வளவுதான் அவர்கள் கேட்பது!

இந்தச் சிறு ஆசைக்குக் குறுக்கே நிற்பது எது? தரகரா, விற்பவரின் பேராசையா, வாங்குபவரின் வறுமையா? இவை எல்லாம் உண்டு. ஆனால் இவற்றுக்கும் மேலே, சட்டமும் வரியும் வங்கியும் சேர்ந்து பழைய வீட்டைத் தேடுகிறவனுக்கு எதிராகத் தராசைச் சாய்த்து வைத்திருக்கின்றன. அதை நாம் எண்ணிக்கையோடு எடுத்துக் காட்டுவோம்.

வீட்டுக்கு விலையா, மண்ணுக்கு விலையா?

பழைய சைக்கிள் புதிய சைக்கிளைவிட மலிவு. பழைய வீடு மட்டும் ஏன் ஆண்டுக்காண்டு விலை ஏறுகிறது? சுவர் கிழமாகிறது, மண் இளமையாகிறது! அதுதான் இரகசியம்.

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாலு வீடு கட்டி விற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டுக்கும் 600 சதுர அடி பிரிபடாத பாகமாக நிலம் உண்டு. தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் 2019இல் மாற்றப்பட்டன. நிலப் பரப்பில் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்தது இரண்டு மடங்காயிற்று. 3,600 சதுர அடி எழுப்பிய கிரவுண்டில் 4,800 சதுர அடி எழுப்பலாம். உடனே கட்டட அதிபர்களின் கண் எங்கே போகும்? புறநகர்ப் பொட்டலுக்கா? இல்லை. நகரின் நடுவே நிற்கும் பழைய நாலு வீட்டுக் கட்டடத்தின் மேல்தான்.

ஆக, ஒரே பழைய வீட்டுக்கு இரண்டு பேர் விலை கேட்கிறார்கள். ஒருவன் குடியிருக்க விரும்புகிறவன். மற்றவர் இடிக்க விரும்புகிறவர். குடியிருக்க விரும்புகிறவன் தன் சம்பளத்தைக் கொண்டு கணக்குப் போடுகிறான். இடிக்க விரும்புகிறவர் வரப்போகும் லாபத்தைக் கொண்டு கணக்குப் போடுகிறார். எவர் வெல்வார் என்பதைச் சொல்ல ஜோசியரா வேண்டும்?

பெரம்பூர் பி அண்ட் சி மில்லை நினைத்துப் பாருங்கள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளரால்தான். 1996இல் மில் மூடப்பட்டது. தறி ஓடிய மண்ணில் இன்று வானளாவிய மாடிகள் நிற்கின்றன. அங்கே நூல் நூற்றவனின் பேரன் அந்த மாடிக்குக் காவல்காரனாகப் போகலாம். குடித்தனக்காரனாகப் போக முடியுமா?

மூன்று சதத்தின் கதை

இனி வரிக்கு வருவோம். அடுக்குமாடியில் புதிய வீட்டை முதல் முறையாக வாங்குகிறவருக்கு 2023 டிசம்பர் முதல் சலுகை அளிக்கப்பட்டது. 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 4 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம், ஆக 6 சதம். அதே வீடு பழையதாகி மறுபடி விற்பனைக்கு வந்தால் முத்திரைத் தீர்வை 7 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம், ஆக 9 சதம்!

இந்தச் சலுகைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் நிலப் பாகத்துக்கு ஒரு பத்திரமும், கட்டடத்துக்குக் குறைந்த கட்டணத்தில் ஓர் ஒப்பந்தமும் பதிவாயின. இரண்டையும் ஒன்றாக்கி ஒரே பத்திரமாகப் பதிய வேண்டும் என்று வந்தபோது, வாங்குகிறவரின் சுமை ஏறாதிருக்க விகிதத்தைக் குறைத்தார்கள். நியாயமே. ஆனால் பழைய வீட்டுக்காரனுக்கு அந்த நியாயம் ஏன் நீளவில்லை?

வீட்டின் விலை 30 லட்சம் என்று கொள்வோம். புதிய வீடானால் பதிவுச் செலவு 1,80,000 ரூபாய். பழைய வீடானால் 2,70,000 ரூபாய். கட்டி முடியாத புதிய வீட்டுக்குச் சரக்கு சேவை வரி உண்டு, பழைய வீட்டுக்கு இல்லை என்று வாதிடுவோர் உண்டு. மெய்தான். ஆனால் 45 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய வீட்டுக்கு அந்த வரி 1 சதமே. அதைச் சேர்த்தாலும் 7 சதம்தான். பழைய வீட்டின் 9 சதத்துக்கு அது ஈடாகுமா? புதிய வீட்டில் முதலில் குடிபுகுகிறவனைவிட, ஓதம் ஏறிய வீட்டில் இரண்டாவதாகக் குடிபுகுகிறவன் அதிகம் கொடுக்க வேண்டும் என்பது என்ன நீதி?

பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதம் குறைப்பு உண்டு. வரவேற்கிறோம். ஆனால் அது 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்துக்கு மட்டுமே. சென்னை மாநகருக்குள் 10 லட்சத்துக்கு வீடு தேடுகிறவன் எத்தனை ஜோடி செருப்பைத் தேய்க்க வேண்டும்?

வங்கியின் கணக்கு

ரிசர்வ் வங்கியின் விதி 30 லட்சம் வரையுள்ள கடனில் சொத்து மதிப்பின் 90 சதம் வரை கொடுக்க இடம் தருகிறது. பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது. நம் தொழிலாளிக்கு 25 லட்சம் கடன் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். கைப்பணம் 5 லட்சம், பதிவுச் செலவு 2,70,000, ஆக 7,70,000 ரூபாய் அவன் மடியிலிருந்து வரவேண்டும். வருங்கால வைப்பு நிதி, மனைவியின் நகை, சீட்டுப் பணம் எல்லாம் அதில் கரையும்.

அதோடு தீர்ந்ததா? வங்கியின் மதிப்பீட்டாளர் வருகிறார். கட்டடத்தின் வயதைக் கேட்கிறார். கட்டடத்தின் மிச்ச ஆயுள் கடன் காலத்தைவிட நீண்டிருக்க வேண்டும் என்பது வங்கிகளின் வழக்கம். வயதான கட்டடத்துக்கு இருபதாண்டுத் தவணை பத்தாண்டாகச் சுருங்குகிறது. 25 லட்சத்துக்கு எட்டரை சத வட்டியில், இருபதாண்டானால் மாதத் தவணை சுமார் 21,700 ரூபாய். பத்தாண்டானால் சுமார் 31,000 ரூபாய். மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல் கூடுதல்! மலிவு என்று பழைய வீட்டை நாடியவனின் கழுத்தில்தான் கனமான தவணை விழுகிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. விற்பவர் சொல்லும் விலை ஒன்று. பத்திரத்தில் எழுத விரும்பும் விலை வேறு. வித்தியாசத்தை ரொக்கமாகக் கொடு என்கிறார். வங்கியோ பத்திரத்தில் உள்ள விலைக்குத்தான் கடன் தரும். அந்த ரொக்கத்துக்குத் தொழிலாளி எங்கே போவான்? கந்து வட்டிக்காரனிடம்தான்!

மத்திய அரசின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2015இல் தொடங்கியது. 2022க்குள் அனைவருக்கும் வீடு என்றார்கள். அந்த ஆண்டு வந்தது, போயிற்று. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், தகுதியுள்ளோருக்கு வட்டி மானியமாக அதிகபட்சம் 1,80,000 ரூபாய், ஐந்து தவணைகளில் கிடைக்கும். ஒரு கை ஐந்தாண்டில் 1,80,000 கொடுக்கிறது. இன்னொரு கை ஒரே நாளில் 2,70,000 வாங்கிக்கொள்கிறது. இதற்குப் பெயர் உதவியா?

சாவி உண்டு, சொத்து இல்லை

விலை குறைந்த வீடு ஒன்று உண்டு என்று தரகர் காதோடு காதாகச் சொல்வார். அரசு வாரியம் ஒதுக்கிய வீடு. ஒதுக்கீடு பெற்றவர் பெயரில் கிரயப் பத்திரம் இன்னும் ஆகவில்லை. பவர் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்பார். இங்கேதான் நம் தோழர்கள் ஏமாறுகிறார்கள். பவர் பத்திரத்தாலும் விற்பனை உடன்படிக்கையாலும் மட்டும் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அப்படி வாங்கியவன் கையில் சாவி இருக்கும், சொத்து இருக்காது. எழுதிக் கொடுத்தவர் கண்ணை மூடினால் பவரும் அவரோடு போகும். வாரிசுகள் வாசலில் வந்து நிற்பார்கள்.

இதில் குற்றவாளி ஏமாந்தவன் மட்டுமா? தவணை கட்டி முடித்த ஒதுக்கீட்டாளருக்குக் கிரயப் பத்திரம் கொடுக்காமல் காலம் கடத்தும் நிர்வாகத்துக்குப் பங்கில்லையா?

வீட்டைக் கொல்வது வயதல்ல

பழைய வீடு இடிந்து விழுமே என்று அஞ்சுவோர் உண்டு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில், 1990களில் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்தது. 24 வீடுகள் மண்ணாயின. மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் தப்பினர். முப்பதாண்டுகூடத் தாங்காத கட்டடம்! 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்ததோ, கட்டி முடியாத பதினொரு மாடி. 61 உயிர்கள் போயின, போனவர்கள் தொழிலாளர்கள்.

வியன்னா நகரில் 1930இல் தொழிலாளருக்கென நகராட்சி கட்டித் திறந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பில் 1,382 வீடுகள். 1934இல் பீரங்கிக் குண்டடி பட்டது. உலகப் போரைக் கண்டது. தொண்ணூறு ஆண்டு கடந்தும் மக்கள் அங்கே வாழ்கிறார்கள். காரணம், பழுது பார்க்கிறார்கள். பம்பாயில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பழைய வாடகைக் கட்டடங்களின் பழுதுக்கென்று தனித் தீர்வையும் தனி வாரியமும் ஏற்பட்டன. அதில் குறை ஏராளம்; மழைக்காலத்தில் கட்டடம் விழும் செய்தி அங்கே இன்றும் வருகிறது. ஆயினும் பழைய வீட்டைக் காப்பது பொதுப் பொறுப்பு என்ற கொள்கையை ஒப்புக்கொண்டார்கள். வீட்டைக் கொல்வது வயதல்ல, கலப்படமும் கவனிப்பின்மையும்தான்.

இங்கே நடப்பது என்ன? தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022இல் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்டலாம். ஒருவரின் பிடிவாதத்தால் இடியும் கட்டடத்தில் எல்லோரும் சாகக் கூடாது என்ற அளவில் இது நல்லதே. ஆனால் நேற்றுத்தான் கடன் வாங்கிக் குடியேறிய தொழிலாளியின் கதி? கட்டி முடியும் வரை தவணையும் கட்டி வாடகையும் கட்டுவானா? அந்த வாடகையும் திரும்பி வரும் உரிமையும் ஒப்பந்தத்தில் உறுதியாகாவிட்டால், நிரந்தரம் என்று வாங்கிய வீடு மீண்டும் சாமான் கட்டும் படலமாகிவிடும்.

நாம் கேட்பது

50 லட்சத்துக்கு உட்பட்ட முதல் வீடு எதுவானாலும், புதியதோ பழையதோ, பதிவுச் செலவு ஒரே 6 சதமாகட்டும். விற்பனைக்கு வரும் பழைய கட்டடத்தை அரசுப் பொறியாளர் குறைந்த கட்டணத்தில் சோதித்துச் சான்று தரட்டும். வயதைப் பார்க்காமல் அந்தச் சான்றைப் பார்த்து வங்கி தவணைக் காலத்தை நிர்ணயிக்கட்டும். பழுது பார்க்கக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கட்டும். பணம் கட்டி முடித்த வாரிய வீடுகளுக்குக் கிரயப் பத்திரம் உடனே ஆகட்டும். இடித்துக் கட்டும் காலத்து வாடகை சட்டக் கடமையாகட்டும். இவை எவையும் வானத்து நட்சத்திரமல்ல. அரசு நினைத்தால் செய்யக் கூடியவையே.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. முப்பதாண்டு வில்லங்கச் சான்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர். தாய்ப் பத்திரத்தின் நகலை மட்டும் காட்டினால் நம்பாதீர், அசலைக் கேளுங்கள். பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்திலேயே படியுங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை வீட்டைப் பாருங்கள். ஒழுகும் தளம் அப்போது பொய் சொல்லாது. கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் உதிர்ந்திருந்தால் பொறியாளரைக் காட்டாமல் கையெழுத்திடாதீர். சங்க அலுவலகத்தில் வாரம் ஒரு மாலை, விவரம் தெரிந்த தோழர் ஒருவர் அமர்ந்து பத்திரம் பார்த்துச் சொன்னால், எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு தப்பும்.

ஊருக்கெல்லாம் வீடு கட்டியவன் தொழிலாளி. செங்கல் சுமந்ததும் சாரம் கட்டியதும் அவன் தோள். அவன் இன்று கேட்பது புதிய வீடுகூட அல்ல. அவன் தகப்பன் கட்டிய பழைய வீடு. அதையும் அவனுக்கு எட்டாமல் உயர்த்தி வைக்கும் சட்டத்தை மாற்றும் வரை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம்!