ஓடிப்போனாளா, உடன் போனாளா?

கொஞ்ச நாளா ஒரு வினைச்சொல் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு. இங்கே இறக்கி வச்சுடறேன்.

யாருக்கும் தெரியாம இடத்தைக் காலி பண்றதுக்குத் தமிழ்ல வார்த்தைக்கா பஞ்சம்? சீட்டுப் பணத்தோட மறைஞ்சா 'கம்பி நீட்டிட்டான்'. மொய் எழுதற நேரம் பார்த்து மறைஞ்சா 'நைசா நழுவிட்டான்'. போலீஸ் தேடினா 'தலைமறைவு'. காலேஜ் பசங்களுக்கு 'எஸ்கேப்'. (கம்பி எண்ணுறது வேற, நீட்டுறது வேற. எங்க பாப்பாரப்பட்டியில 1925-ல கண்ணை மூடின சுப்பிரமணிய சிவா எண்ணினவர், நீட்டினவர் இல்லை :-))

இதுங்களோட எனக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் 'ஓடிப்போ'ங்கிற சொல்லோடதான்.

'ஓடினாள்' என்றால் வெறும் ஓட்டம். பின்னாடி ஒரு 'போ' ஒட்டினா கதையே வேற. கெட்டுப்போச்சு, உடைஞ்சுபோச்சு, தொலைஞ்சுபோச்சு... நடக்கக் கூடாதது நடந்துடுச்சுன்னு சொல்லத்தான் இந்தத் துணைவினை பெரும்பாலும் வருது. ஆக, 'ஓடிப்போனா'ன்னு சொல்லும்போதே சேதியோட தீர்ப்பும் வந்துடுது.

அந்தத் தீர்ப்பும் ஒருதலைப்பட்சம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பஸ் ஏறியிருப்பாங்க. ஆனா ஊர் பேசறது 'அவ ஓடிப்போயிட்டா'. பையனைப் பத்திப் பேசினா 'இழுத்துக்கிட்டுப் போயிட்டான்', ஏதோ பொருள் களவு போன மாதிரி. 'ஓடுகாலி'ங்கிற வசவும் பெரும்பாலும் பொம்பளைக்குத்தான்.

இத்தனைக்கும் இதே 'போ'வை வச்சுத்தான் நம்ம முன்னோர் இதுக்கு அழகா ஒரு பெயர் வச்சாங்க. உடன்போக்கு. அவங்களும் வீட்டுக்குத் தெரியாமத்தான் கிளம்பினாங்க. ஆனா பெயர்ல ஓட்டம் இல்லை, துணைதான் இருக்கு. கலித்தொகையில ஒரு செவிலித்தாய் மகளைத் தேடிப் பாலை வழியில போறா. எதிர்ல வந்த துறவிகள் அவளைத் திட்டலை. மலையில பிறந்த சந்தனம் மலைக்கா பயன்படுதுன்னு கேட்டு, அவ செய்ததும் அறம்தான்னு சொல்லி அனுப்பறாங்க. உடன் போனவளை, ஓடிப்போனவளா ஆக்கினது நாமதான்.

வெறும் சொல்லுக்கு இவ்வளவு கூச்சலான்னு கேட்பீங்க. எங்க தருமபுரி மாவட்டத்துக்காரன் அப்படிக் கேட்க மாட்டான். 2012 நவம்பர் 7-ஆம் தேதி, சாதி மாறின ஒரு கல்யாணத்தைச் சாக்கா வச்சு, நாய்க்கன்கொட்டாய் பக்கம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர்னு மூணு தலித் குடியிருப்புகளை எரிச்சாங்க. 200 வீடுகளுக்கு மேல சேதம். அதுக்கு முன்னாடியே பொண்ணோட அப்பா உயிரை விட்டிருந்தார். 2013 ஜூலையில அந்தப் பையன் ரயில் பாதையோரம் பிணமாக் கிடந்தான். 'ஓடிப்போயிட்டா'ங்கிற பேச்சு ஒரு குடும்பத்தோட மானப் பிரச்சினையாகி, அப்புறம் ஊர்ப் பிரச்சினையாகி எங்கே போய் நிக்கும்னு பார்த்தவங்க நாங்க.

சட்டம் இதுல ஊரைவிடத் தெளிவா இருக்கு. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தாச்சு. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட கல்யாணத்தை ஊரறியச் செய்யணும்னு கட்டாயம் இல்லைன்னு சொன்னது. வீட்டு எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் பயந்து பகிரங்கமாச் செய்ய முடியாதவங்க இருக்காங்கங்கிறதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கிட்டாங்க. ரகசியமாப் போறது தப்பு செஞ்சதால இல்லை. உயிர்ப் பயத்தால.

'பதினஞ்சு வயசுப் பிள்ளையை எவனோ கூட்டிட்டுப் போனா அதையும் உடன்போக்குன்னு கொஞ்சுவியா?' மாட்டேன். அதுக்கு வேற பெயர், வேற சட்டம் இருக்கு. அதையும் இதையும் ஒரே 'ஓடிப்போச்சு'ல போட்டு மூடறதுதான் என் சங்கடமே. குற்றமும் மறைஞ்சுடுது, உரிமையும் மறைஞ்சுடுது.

வயசு வந்த ரெண்டு பேர் தாங்களே முடிவு பண்ணிக் கிளம்பினா, 'கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க'ன்னு நேராச் சொல்லிட்டுப் போவோமே. 'ஓடிப்போ'வைக் கடனைக் கட்டாம ஊரை விட்டுப் போறவங்களுக்கு மிச்சம் வைப்போம். அங்கே ஆளுக்குக் குறைச்சலே இல்லை.

உங்க ஊர்ப் பக்கம் இதுக்கு என்ன சொல்றாங்க? திட்டாத ஒரு சொல் இருந்தா சொல்லுங்க, எடுத்துக்கிறேன்.