பட்டமளிப்புக்குப் பிறகு தொடங்கும் பாடம்

இறையியல் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவுக்கும் மற்றப் பல்கலைக்கழக விழாக்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மற்ற இடங்களில் வேலை கிடைக்குமா என்ற கவலை பெற்றோர் முகத்தில் தெரியும். இங்கே பெரும்பாலும் வேலை காத்திருக்கிறது. எந்த ஊரில் என்பதுதான் தெரியாது.

சிரம்பானில் உள்ள செமினாரி தியோலொஜி மலேசியா 1979-இல் தொடங்கியது. சிங்கப்பூரின் திரித்துவ இறையியல் கல்லூரி 1948-இல் பிறந்தது. நம் பிள்ளைகளில் சிலர் கடல் கடந்து மதுரை அரசரடிக்கும் சென்னை குருகுலத்துக்கும் போய்ப் படித்து வருகிறார்கள். எங்கே படித்தாலும் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: கிரேக்கம், எபிரேயம், திருச்சபை வரலாறு, பிரசங்கக் கலை, ஆற்றுப்படுத்தல். மூன்று நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து படித்து, தேர்வெழுதி, அங்கி போட்டுக்கொண்டு வெளியே வருகிறார்கள். அதன் பிறகு வரும் பாடத்துக்கு நூலகத்தில் புத்தகம் இல்லை. அந்தப் பாடத்தை எழுதுபவர்கள் மனைவியும் பிள்ளைகளும் சபை மக்களும்.

என் தங்கை மகன் பொறியாளராக இருந்தவன். முப்பது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு இறையியல் படிக்கப் போனான். அவன் மனைவி ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. படிப்பு முடிந்ததும் அவனுக்குக் கிடைத்த ஊர் சுங்கைப்பட்டாணி. ஆசிரியர்கள் நினைத்தவுடன் மாநிலம் விட்டு மாநிலம் மாறிவிட முடியாது என்பது இதைப் படிக்கும் ஆசிரியர் குடும்பங்களுக்குத் தெரியும். துணைவரைப் பின்தொடர்கிறேன் என்று காரணம் காட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் காலியிடம் வேண்டும், காத்திருக்க வேண்டும். முதல் ஆண்டு முழுக்க அவள் ஈப்போவில், அவன் கெடாவில். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் குழந்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு வடக்கே போவாள். ஞாயிறு இரவு திரும்புவாள்.

இடமாற்றம் கிடைத்தபோது எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு பள்ளி நாள். அவன் சபை ஞாயிறு மாலையில் கூடுகிறது. காலையில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறவள், மாலையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டும். அவளுக்கு விடுமுறையான வெள்ளியும் சனியும் அவனுக்கு ஓய்வில்லாத நாள்கள். வீட்டு ஜெபக் கூட்டம், வாலிபர் கூட்டம், திருமணம், வீடு சந்திப்பு எல்லாம் அன்றுதான். அவனுக்கு ஓய்வு திங்கட்கிழமை. அன்று அவள் பள்ளியில் இருப்பாள். ஒரே வீட்டில் இருந்தும் மூவரும் சேர்ந்திருக்க ஒரு நாள் கிடையாது.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். கத்தோலிக்கக் குருக்கள் மணம் செய்துகொள்வதில்லை. பினாங்கில் 1808 முதல் இயங்கும் பொதுக் குருமடத்தில் பயின்றவர்கள் துறவு வாழ்க்கைக்கு ஒப்புக்கொடுத்தவர்கள். லூத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் போன்ற சபைகளில் போதகர் குடும்பஸ்தராக இருக்கலாம். மெதடிஸ்ட் முறையில் போதகரைச் சபை தேர்ந்தெடுப்பதில்லை. பேராயர் நியமிக்கிறார். நியமனம் ஆண்டுதோறும் மாநாட்டில் அறிவிக்கப்படும். போதகரோடு சேர்ந்து ஒரு குடும்பமே பெட்டி கட்டுகிறது.

இந்தப் போதகர் குடும்பம் என்ற ஏற்பாட்டுக்கு வயது 500. 1525-இல் மார்ட்டின் லூத்தர், முன்னாள் கன்னியாஸ்திரியான கத்தரீனாவை மணந்தார். விட்டன்பர்க்கில் ஒரு பழைய மடம்தான் அவர்கள் வீடு. ஆறு பிள்ளைகள், தங்கிப் படிக்கும் மாணவர்கள், வந்துபோகும் விருந்தினர்கள் என்று எப்போதும் கூட்டம். தோட்டம் போட்டு, மாடு வளர்த்து, பியர் காய்ச்சி அந்தக் குடும்பத்தைக் கட்டி இழுத்தவர் கத்தரீனா. லூத்தர் எழுதினார், வாதாடினார், பாடினார். சாப்பாட்டு மேசையைத் தாங்கியது அந்த அம்மையார்.

இன்னொரு வீடும் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1751-இல் மேரி வசேல் என்ற விதவையை மணந்தார். திருமணமானதால் தம் பிரசங்கமோ பயணமோ சற்றும் குறையக்கூடாது என்பது அவர் கொள்கை. குதிரையில் ஊர் ஊராகப் போனார். லட்சக்கணக்கானோருக்கு ஆறுதல் சொன்னவரால் அந்த ஒரு வீட்டை ஆற்றுப்படுத்த முடியவில்லை. கசப்பும் பொறாமையும் வளர்ந்து இருவரும் பிரிந்தார்கள். 1781-இல் மேரி இறந்த செய்தி, அடக்கம் முடிந்த பிறகுதான் வெஸ்லிக்கு எட்டியது. தவறு யார் பக்கம் என்று இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் ஆர்வமில்லை. பெரிய ஊழியம் நல்ல குடும்பத்துக்கு உத்தரவாதமல்ல என்பது மட்டும் தெளிவு.

சபை மக்கள் பொல்லாதவர்கள் அல்லர். பலாப்பழம் பழுத்தால் முதல் சுளை போதகர் வீட்டுக்குத்தான் வரும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மூன்று வீட்டிலிருந்து கஞ்சி வரும். ஆனால் அதே அன்பு, "போதகரம்மா ஏன் பெண்கள் சங்கத்துக்கு வரல?" என்றும் கேட்கும். "போதகர் பிள்ளை இப்படி ஓடலாமா?" என்றும் கேட்கும். குழந்தைக்கு நான்கு வயது. ஓடாமல் என்ன செய்யும்? கணவனுக்குத்தான் நியமனக் கடிதம் வந்தது. மனைவிக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. ஆனால் வேலைப் பட்டியல் மட்டும் இருவர் பெயரிலும் இருக்கிறது.

ஒரு நாள் அவள் என்னிடம் கேட்டாள்: "பெரியம்மா, சபையில யாருக்கு மனசு சரியில்லன்னாலும் போதகர்கிட்ட போறாங்க. எங்க ரெண்டு பேருக்குள்ள சண்டைன்னா நான் எந்தப் போதகர்கிட்ட போறது?"

நான் அறிந்தவரை இந்தக் கேள்விதான் அந்த வீட்டின் நடு முடிச்சு. கணவனே போதகர் என்றால், மனைவிக்குப் போதகர் இல்லை. சபையில் ஒருவரிடம் மனம் திறந்தால் அது பத்து வீட்டில் ஜெபக் குறிப்பாகிவிடும். அவனுக்கும் வேறொரு வறட்சி. "வேதத்தைத் திறந்தாலே ஞாயிற்றுக்கிழமைக்கு எது ஆகும்னுதான் தேடுறேன், பெரியம்மா. எனக்குன்னு ஒரு வசனம் படிச்சு மாசக்கணக்காச்சு" என்றான். சமையல்காரர் நாள் முழுக்க ஊருக்குச் சமைத்துவிட்டுப் பசியோடு படுப்பதைப் போலத்தான் இது.

அவர்கள் சண்டை போட்டார்கள், அழுதார்கள், பிறகு உட்கார்ந்து பேசினார்கள். வழி சொன்னது அவர்கள் தினமும் புரட்டும் புத்தகம்தான். யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரத்தில் மோசேயின் மாமனார் எத்திரோ வருகிறார். காலைமுதல் மாலைவரை மக்களுக்கு நியாயம் தீர்த்துக்கொண்டிருக்கும் மருமகனைப் பார்த்து, இப்படியே போனால் நீயும் களைத்துப் போவாய், மக்களும் களைத்துப் போவார்கள், பொறுப்பைப் பகிர்ந்து கொடு என்று புத்தி சொல்கிறார். இந்தப் பகுதியை நிர்வாகப் பயிற்சிகளில்கூடச் சொல்வார்கள். அவர்கள் விட்டுவிடுவது ஒன்றுண்டு. எத்திரோ தனியாக வரவில்லை. பிரிந்திருந்த சிப்போராளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார். முதலில் குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். மறுநாள்தான் வேலையைப் பற்றிப் பேசினார்.

என் தங்கை மகன் சபைக் குழுவிடம் போய் மூன்று காரியங்கள் கேட்டான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை, மரணமும் அவசர மருத்துவமனை அழைப்பும் தவிர வேறெதற்கும் தன்னைக் கூப்பிட வேண்டாம். மனைவி மற்றச் சபை உறுப்பினரைப் போல ஒருவர், தன்னால் முடிந்த ஒரு பணியை அவளே தேர்ந்தெடுப்பாள். வீடு சந்திப்பில் பாதியை மூப்பர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். "எங்க காலத்துல போதகருக்கு லீவே கிடையாது" என்றார் ஒரு பெரியவர். தோட்டத்தில் கங்காணியாக இருந்த இன்னொரு பெரியவர்தான் பதில் சொன்னார்: "மரத்துக்கே ஓய்வு கொடுத்துத்தான் பால் எடுத்தோம். மனுசனுக்குக் கொடுக்கக் கூடாதா?" அதோடு பேச்சு முடிந்தது.

அவள் இன்னொரு ஊரில் இருக்கும், ஓய்வுபெற்ற ஒரு போதகரின் மனைவியோடு மாதம் இருமுறை தொலைபேசியில் பேசுகிறாள். அவனும் வேறு சபையைச் சேர்ந்த மூத்த போதகர் ஒருவரைப் போய்ப் பார்க்கிறான். இரவில் பத்து நிமிடம் இருவரும் சேர்ந்து படிக்கிறார்கள், அந்தப் பகுதியைப் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை என்ற ஒப்பந்தத்தோடு. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த நியமனம் எந்த ஊரோ! ஆனால் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போதகர் இல்லம் சபையின் சொத்து. ஓய்வு பெறும் நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே ஊழியர் சேமநிதி, சொக்சோ இரண்டும் ஒழுங்காகக் கட்டப்படுகின்றனவா என்று இளம் தம்பதியர் முதல் மாதமே பார்த்துக்கொள்வது நல்லது. மனைவி வேலையை விட்டுவிட்டுப் பின்தொடர்ந்தால், கணவர் தம் சந்தா பங்கிலிருந்து இரண்டு விழுக்காட்டை அவர் கணக்குக்கு மாற்றும் ஐ-சாயாங் திட்டம் சேமநிதியில் இருக்கிறது. இதைக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. லூத்தர் வீட்டு மாட்டையும் யாரோ ஒருவர் மேய்க்கத்தான் வேண்டியிருந்தது.

சபை மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய போதகர் குடும்பம் வந்தால் முதல் ஆண்டு எதையும் ஒப்பிடாதீர்கள். முன்பிருந்த போதகரம்மா நன்றாகப் பாடுவார் என்று இவரிடம் சொல்லாதீர்கள். அந்தக் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், "போதகர் பிள்ளை" என்று வேண்டாம். ஒரு மாலை அந்தக் குழந்தையை உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் வெளிய போய் சாப்பிட்டு வாங்க" என்று அனுப்புங்கள். ஜெபத்தோடு இதையும் சேர்த்துச் செய்தால் அந்தக் குடும்பம் ஊரை மறக்காது.

இது தேவாலயத்துக்கு மட்டும் உரிய கதை அல்ல. இரவுப் பணி பார்க்கும் தாதியர் வீட்டிலும், காவல் துறையினர் வீட்டிலும், சிங்கப்பூருக்கு விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்படும் ஜொகூர் வீடுகளிலும் இதே பங்கீடு நடக்கிறது. ஊருக்குப் போனது போக வீட்டுக்கு எவ்வளவு மிச்சம்? இந்த வாரம் உங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட ஒரு வேளை இருக்கிறதா என்று நாள்காட்டியைப் பாருங்கள். இல்லையென்றால் இன்றே ஒன்றைக் குறித்து வையுங்கள்.