தேர்வு எழுதாதவர்கள் எந்தக் கணக்கில்?



பள்ளிகளில் 10, 12-ஆம் வகுப்புகளுக்கு நாமினல் ரோல் தயாராகும் நேரம் இது. பொதுத்தேர்வு எழுதப் போகிறவர்களின் பெயர்கள் அடங்கிய இந்தப் பட்டியல் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போன பிறகுதான் ஹால் டிக்கெட் வரும். மே மாதம் நாம் பத்திரிகையில் படிக்கப் போகும் தேர்ச்சி சதவீதத்தில் பாதி, வினாத்தாள் அச்சாவதற்கு முன்பே இந்தப் பட்டியலில் முடிவாகிவிடுகிறது. அதனால்தான் முடிவுகள் வரும்வரை காத்திராமல் இப்போதே எழுதுகிறேன்.

2025 மே 16 அன்று 10-ஆம் வகுப்பு முடிவுகள் வெளியாயின. மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம். சிவகங்கை மாவட்டம் 98.31 சதவீதத்துடன் முதலிடம். நம் கடலூர் எத்தனையாவது இடம் என்பதே அன்று இங்கே எல்லோருடைய கேள்வியாகவும் இருந்தது. மாணவர்களின் மாநில, மாவட்ட ரேங்க் பட்டியலை 2017-இல் அரசு நிறுத்தியது. பிள்ளைகளின் மன உளைச்சலைக் குறைக்க எடுத்த நல்ல முடிவு அது. மாவட்டங்களை வரிசைப்படுத்துவது மட்டும் நிற்கவில்லை. பிள்ளையிடமிருந்து இறக்கிய சுமை முதன்மைக் கல்வி அலுவலர் மேல் ஏறியது. அவரிடமிருந்து தலைமை ஆசிரியருக்கும், அவரிடமிருந்து பாட ஆசிரியருக்கும் இறங்கியது. கடைசியில், படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் தலையிலேயே மறுபடியும் வந்து உட்கார்ந்துவிட்டது.

தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கையைத் தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது தேர்ச்சி சதவீதம். 2025-இல் 8,71,239 பேர் எழுதினார்கள், 8,17,261 பேர் தேறினார்கள். கணக்கு சரிதான். எழுதாதவர்கள் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் அதில் இடமில்லை.

எழுதாதவர்களை விட்டுவிடுவதால் வரும் வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு 2023-ஆம் ஆண்டே சாட்சி. அந்த ஆண்டு மார்ச் 13 அன்று நடந்த 12-ஆம் வகுப்பு மொழிப்பாடத் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். அந்த ஆண்டு மாணவர்கள் கொரோனா காலத்தில் தேர்வு எழுதாமலே 10-ஆம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. மே 8-இல் முடிவு வந்தது. எழுதிய 8,03,385 பேரில் 7,55,451 பேர் தேர்ச்சி, 94.03 சதவீதம். அதாவது எழுதித் தோற்றவர்கள் 47,934 பேர். முதல் நாளே வராதவர்களின் எண்ணிக்கை அதைவிட அதிகம். அவர்களையும் வகுக்கும் எண்ணில் சேர்த்தால் 94 என்பது 89-க்கும் கீழே இறங்கும். தலைப்புச் செய்தியில் இடம் பிடித்தது 94 மட்டுமே.

இவர்களாவது நாமினல் ரோலில் இருந்தவர்கள். அதனால்தான் வரவில்லை என்று தெரிந்தது, தேடிப் பிடித்துத் துணைத்தேர்வு எழுத வைப்போம் என்று கல்வித் துறையும் சொல்ல முடிந்தது. அந்தப் பட்டியலுக்குள்ளேயே நுழையாதவர்களை யார் தேடுவது?

எங்கள் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில், மேல்பட்டாம்பாக்கத்தைச் சுற்றியுள்ள பல பெற்றோரிடம் பேசியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் 14 வயதோடு முடிகிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்புதான் வடிகட்டி. கரும்பு வெட்டுக்கும் கட்டட வேலைக்கும் போகும் வீட்டுப் பையன், சீசனில் வாரக்கணக்கில் பள்ளிக்கு வருவதில்லை. காலாண்டில் மூன்று பாடம் போய்விடும். உடனே பெற்றோருக்கு அழைப்பு. "இவன் பத்தாவதுல தேறமாட்டாம்மா. இப்பவே டி.சி. வாங்கிக்குங்க, அடுத்த வருஷம் தனித்தேர்வரா எழுதட்டும்" என்பார்கள். அம்மாவுக்கு மறுத்துப் பேசத் தெரியாது. பையன் டுட்டோரியலுக்கும் போவதில்லை, தேர்வும் எழுதுவதில்லை. அடுத்த மே மாதம் அந்தப் பள்ளி வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் தொங்கும்.

எல்லாப் பள்ளியும் இப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்காக விளக்கு வைத்த பிறகும் வகுப்பெடுத்து, சொந்தக் காசில் சுண்டல் வாங்கிக் கொடுக்கும் ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி ஒருவனைக் கடைசி வரை வகுப்பில் வைத்திருந்து, அவன் 35 மதிப்பெண்ணுக்குச் சற்றுக் குறைவாக வாங்கித் தோற்றுவிட்டால் அந்த ஆசிரியருக்குக் கிடைப்பது என்ன? தேர்ச்சிப் பகுப்பாய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள், விளக்கம் கேட்டு மெமோ தருகிறார்கள். அதே பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே அனுப்பிவிட்ட பள்ளிக்குக் கேடயம். இப்படி ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு ஆசிரியரின் மனசாட்சியை மட்டும் நம்பியிருப்பது அரசுக்கு அழகல்ல.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைச் சுற்றி வாழும் எங்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். அரைத்த கரும்பில் எவ்வளவு சர்க்கரை கிடைத்தது என்பதுதான் கட்டுமானம். சாறு குறைந்த வண்டிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, இந்த ஆண்டு கட்டுமானம் உயர்ந்துவிட்டது என்று ஓர் ஆலை சொன்னால் எந்த விவசாயியும் கைதட்டமாட்டான். கரும்புக்கே அப்படியென்றால் பிள்ளைகள் விஷயத்தில் நாம் எப்படிக் கைதட்டுகிறோம்?

கற்றலை அளக்க வேறு சோதனைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. 2024 டிசம்பர் 4-இல் மத்திய அரசு நடத்திய பராக் தேசியக் கணக்கெடுப்பு 3, 6, 9-ஆம் வகுப்புகளைச் சோதித்தது. 2025 பிப்ரவரியில் மாநிலத் திட்டக் குழுவின் அடைவு ஆய்வு 3, 5, 8-ஆம் வகுப்புகளைச் சோதித்தது. பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வு கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறது. ஏசர் சரியா, மாநில ஆய்வு சரியா என்று வாதமும் நடந்தது. இவை தேவையானவை. ஆனால் பள்ளியை விட்டுப் போய்விட்ட பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று இவற்றில் எதுவும் பள்ளிவாரியாகச் சொல்லாது.

சங்கடமான முடிவு வந்தால் அளவுகோலையே தூக்கிப் போடுவதும் நமக்குப் புதிதல்ல. 15 வயது மாணவர்களுக்கான பீசா என்ற பன்னாட்டுச் சோதனையின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டுமே கலந்துகொண்டன. கணிதத்தில் வளர்ந்த நாடுகளின் சராசரி 496, தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 351. இரு மாநிலங்களும் பட்டியலின் அடியில் நின்றன. அடுத்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் வடிகட்டும் வேலை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரப் பள்ளிகள் ஒரு காலத்தில் அந்த நாட்டுக்கே முன்மாதிரி என்று கொண்டாடப்பட்டன. அந்த நகரின் கல்வித் தலைவர் ராட் பேஜ் 2001-இல் நாட்டின் கல்வி அமைச்சரானார். தேர்வு முடிவுகளை வைத்துப் பள்ளிகளைப் பொறுப்பாக்கும் சட்டம் அடுத்த ஆண்டே வந்தது. பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. ஹூஸ்டனின் ஷார்ப்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளியில் 2001-02 கல்வியாண்டில் சுமார் 1,700 மாணவர்களில் 463 பேர் வெளியேறியிருந்தார்கள். அந்தப் பள்ளி காட்டிய இடைநிற்றல் பூஜ்யம். மாநிலத் தேர்வு 10-ஆம் வகுப்பில் என்பதால் பலவீனமான பிள்ளைகளை 9-ஆம் வகுப்பிலேயே நிறுத்தி வைத்ததும் தெரியவந்தது. பெயரை மாற்றினால் நம் பக்கத்துக் கதை.

ஆனால் அவர்கள் அதற்கு ஒரு மருந்தும் கண்டார்கள். 2008-இல் வந்த விதிப்படி, 9-ஆம் வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்தார்கள் என்பதை எல்லா மாநிலங்களும் ஒரே முறையில் கணக்கிட வேண்டும். வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டான் என்று சொல்லி ஒரு பெயரைக் கணக்கிலிருந்து எடுக்க எழுத்துபூர்வமான சான்று வேண்டும்.

இதைச் செய்ய நமக்குப் புதுத் துறையோ புதுச் செயலியோ வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருக்கிறது. டி.சி. கொடுத்ததும் அந்தப் பெயர் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குப் போகிறது. இன்னொரு பள்ளி சேர்த்துக்கொண்டால் அங்கிருந்து நகர்கிறது. நகராமல் அங்கேயே கிடக்கும் பெயர்கள்தான் நாம் தொலைத்த பிள்ளைகள். தகவல் அரசின் கையில் இருக்கிறது. வெளியிடும் மனம்தான் வேண்டும்.

ஆகவே பள்ளிக் கல்வித் துறையிடம் என் கோரிக்கைகள் இவை. ஒன்று, வரும் மே மாதம் முதல் ஒவ்வொரு பள்ளிக்கும் தேர்ச்சி சதவீதத்தோடு நான்கு எண்களையும் வெளியிடுங்கள்: 9-ஆம் வகுப்பில் சேர்ந்தவர்கள், இடையில் வெளியே அனுப்பப்பட்டவர்கள், வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள், தேர்வு எழுதியவர்கள். இரண்டு, 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை கொடுக்கப்படும் ஒவ்வொரு டி.சி.க்கும், பிள்ளை அடுத்து எங்கே சேர்ந்தது என்று உறுதியாகும்வரை அனுப்பிய பள்ளியே பொறுப்பு என்று ஆணையிடுங்கள். மூன்று, தேர்ச்சி சதவீதத்தை மட்டும் வைத்து ஆசிரியருக்கு மெமோ கொடுப்பதை நிறுத்துங்கள்.

இதனால் அரசுப் பள்ளிகளின் பெயர் கெடும் என்று சிலர் அஞ்சலாம். எனக்குத் தோன்றுவது நேர்மாறு. மெட்ரிக் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் கழித்துவிட்ட பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் அரசுப் பள்ளிதான். அந்தப் பிள்ளை தோற்றால் அரசுப் பள்ளியின் சதவீதம் இறங்குகிறது, கழித்துவிட்ட பள்ளியின் சதவீதம் ஏறுகிறது. நான்கு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் பிள்ளையை அனுப்பினார்கள், யார் ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். விதி எல்லாப் பள்ளிகளுக்கும் பொது என்றால் அரசுப் பள்ளி இழக்க எதுவுமில்லை.

2025 ஆகஸ்ட் 8-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியதால் இந்தக் கோரிக்கைக்கு அவசரம் கூடியிருக்கிறது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது, வரவேற்கிறேன். ஆனால் 11-இல் யார் தேறினார் என்று சொல்லும் அதிகாரம் மறுபடியும் பள்ளியின் கைக்கே வந்துவிட்டது. கண்காணிப்பு இல்லாவிட்டால் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் வடிகட்டிக்குத் துணையாக இன்னொன்று முளைக்கும்.

நாமினல் ரோல் இன்னும் முடியவில்லை. 9-ஆம் வகுப்புப் பதிவேட்டையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, விடுபட்ட ஒவ்வொரு பெயருக்கும் காரணம் எழுதித் தரும்படி கடலூர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் எல்லாப் பள்ளிகளையும் இந்த மாதமே கேட்கலாம். அதற்குச் சென்னையிலிருந்து ஆணை வரக் காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
பெற்றோர் ஒருவர்,
மேல்பட்டாம்பாக்கம், கடலூர் மாவட்டம்.