முகம் காட்டாத குரல்

பௌர்ணமியன்று அடி அண்ணாமலைப் பாதையில் கிரிவலக் கூட்டம் அலை அலையாகப் போகிறது. அதைத் திரும்பிக்கூடப் பாராமல் வீட்டுக்குள் டெலிவிஷன் முன்னால் குழந்தைகள்! கார்ட்டூன் சிறுமி கொஞ்சு தமிழில் கேள்வி கேட்கிறாள். இவர்கள் ஒரே குரலில் பதில் சொல்கிறார்கள். 2007-இல் சுட்டி டி.வி. வந்த பிறகு டோராவும் புஜ்ஜியும் நம் வீடுகளில் இப்படித்தான் தமிழ் பேசினார்கள். யார் குரல் அது என்று கேட்டால், "டோரா குரல்தான்!" என்பார்கள் குழந்தைகள்.

கார்ட்டூன் குழந்தைக்குப் பேசுகிறவர் பெரும்பாலும் வளர்ந்த பெண்மணி. பையன் பாத்திரத்துக்கும் அப்படித்தான். நிஜப் பையனைப் பேச வைத்தால் சில வருஷத்தில் குரல் உடைந்துவிடுமே! அமெரிக்காவில் ஜூன் ஃபோரே என்ற அம்மாள் 1959-இல் ராக்கி என்னும் பறக்கும் அணிலுக்குப் பேசத் தொடங்கினார். 2012-இல் எம்மி விருது வாங்கியபோது அவருக்கு வயது 94!

நமக்கும் இது புதிதல்ல. 'களத்தூர் கண்ணம்மா'வில் (1960) சிறுவன் கமல்ஹாசனுக்குப் பாடியபோது எம்.எஸ்.ராஜேஸ்வரிக்கு வயது 28. 1987-இல் 'நாயகன்' படத்திலும் ஜமுனாராணியுடன் பாடினார். அதில் அதே பையன்தான் கதாநாயகன்!

கார்ட்டூனுக்குப் பேசுவதில் இன்னொரு சங்கடம் உண்டு. மூலத்தில் பெரும்பாலும் குரலை முதலில் பதிவு செய்து, அதற்கேற்ப வாயை வரைவார்கள். தமிழுக்கு வரும்போது எல்லாம் தலைகீழ். வாய் ஏற்கெனவே அசைந்து முடிந்துவிட்டது. அதற்குள் நம் வசனத்தை அடக்க வேண்டும். "வந்துகொண்டிருக்கிறேன்" என்று இலக்கணமாக ஆரம்பித்தால், பாதியிலேயே பொம்மை வாயை மூடிக்கொண்டுவிடும். "இதோ வர்றேன்" என்று முடித்தால்தான் தப்பலாம். உதடு ஒட்டும் இடத்தில் 'ப'வோ 'ம'வோ விழுந்துவிட்டால் பேஷ்!

வசனம் மட்டுமா? ஓடினால் இரைக்கும் மூச்சு, தடுக்கி விழும் அலறல், வாய் நிறையத் தின்பண்டத்தோடு பேசும் பேச்சு எல்லாம் மைக் முன்னால் நின்ற இடத்திலேயே வர வேண்டும். வளையல் குலுங்கினால் போச்சு, அதையும் மைக் பிடித்துவிடும். மணிக்கணக்காகக் கீச்சுக் குரலில் கத்தியும் தொண்டை கட்டக் கூடாது. கட்டினால் அன்றைய சன்மானம் யார் தருவார்கள்?

இவ்வளவும் செய்தவரின் பெயரை, தமிழாக்கத் தொடரின் கடைசியில் தேடினால் பல சமயம் கிடைப்பதில்லை. ஒரு வரி போட எத்தனை விநாடி ஆகும்? இது அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் பெண் வீட்டில் கிளி மாதிரியும் கிழவி மாதிரியும் பேசிக் காட்டுகிறாளா? "என்னடி கூத்து?" என்று அதட்டாதீர்கள். தினம் ஒரு கதையை, ஆளுக்கு ஒரு குரலாக, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 'ழ'வும் 'ள'வும் சுத்தமாக வரட்டும். தொண்டை வலித்தால் மட்டும் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.