இரவு உலா வீண்பொழுதா?

வெளிநாட்டிற்குப் படிக்கப் போன ஒரு பெண் இரவு ஒரு மணிக்குத் தோழியரோடு தெருவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள் என்று கேள்விப்பட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "படிக்கப் போனாளா, ஊர் சுற்றப் போனாளா?" என்பார்கள். அந்தக் கேள்வியில் அக்கறை உண்டு, அச்சமும் உண்டு. இரண்டையும் நான் மதிக்கிறேன். எனினும் அவள் போயிருப்பது ஸ்பெயின் நாடாக இருந்தால், அந்த ஊர் சுற்றலும் படிப்பைச் சேர்ந்ததே என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை. அவளோடு நின்று சிரித்தவர்கள் அந்த நாட்டுத் தோழியராக இருக்க வேண்டும். நிபந்தனை விசித்திரமாகத் தோன்றுகிறதா? சற்றுப் பொறுங்கள் தோழியரே, சொல்கிறேன்.

ஸ்பெயினின் மேற்குப் பகுதியில், தோர்மெஸ் ஆற்றங்கரையில் சலமன்கா என்னும் நகரம் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக் கழகம் 1218 ஆம் ஆண்டு தோன்றியது. 2018 இல் அது தன் எண்ணூறாவது ஆண்டு விழாவைக் கொண்டாடியது. ஊரின் பழைய கட்டடங்களெல்லாம் ஒருவகைப் பொன்னிறக் கல்லால் ஆனவை. மாலை வெயிலில் அவை மஞ்சள் பூசிக் குளித்தாற்போல் இருக்கும். பல்கலைக் கழகத்தின் முகப்புச் சிற்பங்களுக்கிடையே ஒரு மண்டையோட்டின் மேல் ஒரு சிறு தவளை உட்கார்ந்திருக்கிறது. பிறர் உதவியின்றி அதைக் கண்டுபிடிக்கும் மாணவர் தேர்வில் வெற்றி பெறுவார் என்பது அவ்வூர் நம்பிக்கை. (தவளையைத் தேடும் நேரத்தில் பாடத்தைப் படித்தால் வெற்றி இன்னும் உறுதி என்று நம் ஆசிரியைகள் சொல்வது என் காதில் விழுகிறது!)

இந்த நகருக்கு ஆண்டுதோறும் பல நாடுகளிலிருந்தும் மாணவ மாணவியர் வருகிறார்கள். ஐரோப்பிய நாடுகள் தமக்குள் மாணவரைப் பரிமாறிக்கொள்ளும் எராஸ்மஸ் திட்டம் 1987 இல் தொடங்கியபோது பதினொரு நாடுகளிலிருந்து 3,244 மாணவர்களே அதில் சேர்ந்தார்கள். இன்றோ அத்திட்டத்தில் மாணவர் மிகுதியாக நாடிச் செல்லும் நாடுகளில் ஸ்பெயின் முன்வரிசையில் நிற்கிறது.

உதாரணத்திற்கு, பின்லாந்திலிருந்து வந்த ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். வந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு இருபது நண்பர்கள் கிடைத்து விடுகிறார்கள். இத்தாலியப் பெண், போலந்துப் பையன், ஜெர்மானிய இரட்டையர், இப்படி. எல்லாரும் புதியவர்கள், எல்லாருக்கும் அறை வேண்டும், எல்லாருக்கும் வழி தெரியாது. ஆகவே எளிதில் ஒட்டிக்கொள்கிறார்கள். தினமும் இரவு சேர்ந்து போகிறார்கள், சேர்ந்து வருகிறார்கள். பேசுவது ஆங்கிலம். அந்த இருபது பேரில் ஸ்பானியர் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல் மடக்க வேலை இல்லை! எத்தனையோ பேர் ஓராண்டு ஸ்பெயினில் இருந்துவிட்டு, ஸ்பெயினைச் சந்திக்காமலே ஊர் திரும்புகிறார்கள். நான் வீண் என்று சொல்வது அந்த இரவுகளைத்தான்.

உள்ளூர்ப் பெண்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. அவர்களுக்குப் பள்ளி நாள் முதல் சேர்ந்து வளர்ந்த சேக்காளிக் கூட்டம் இருக்கிறது. ஐந்து மாதத்தில் மூட்டை கட்டப் போகிறவளுக்காக அந்த வட்டத்தைத் திறப்பானேன் என்று நினைப்பது இயல்புதானே? நாமும் நம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்ணை எத்தனை நாள் தனியே சாப்பிட விட்டிருக்கிறோம்!

ஆனாலும் ஒரு நாள் அழைப்பு வருகிறது. செய்முறை வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண், "வியாழக்கிழமை ஒன்பதரைக்குக் கடிகாரத்தின் கீழே வா" என்கிறாள். எந்தக் கடிகாரம் என்று சலமன்காவில் யாரும் கேட்க மாட்டார்கள். 1729 முதல் 1755 வரை கட்டப்பட்ட பெரிய சதுக்கத்தின் கடிகாரம்தான் அது. தலைமுறை தலைமுறையாக அங்கே நண்பர்கள் சந்திப்பது அதன் கீழேதான்.

நம் பின்லாந்து மாணவி ஒன்பது இருபத்தைந்துக்கே வந்து நிற்கிறாள். தன் ஊர் வழக்கப்படி மாலையிலேயே இரவு உணவையும் முடித்துவிட்டாள். தோழியர் வருவதோ பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அதுவும் பசியோடு! அங்கே மதிய உணவே இரண்டு, மூன்று மணிக்குத்தான். இரவு உணவு ஒன்பதுக்கும் பத்துக்கும் மேலே. இதைச் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்பெயின் பெரும்பாலும் கிரீன்விச் கோட்டிற்கு மேற்கே இருக்கிற நாடு. இங்கிலாந்தின் நேரமே அதற்குப் பொருந்தும். 1940 இல் பிராங்கோவின் ஆட்சியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு இணைத்தார்கள்; இன்றுவரை திருப்பி வைக்கவில்லை. கோடையில் இன்னும் ஒரு மணி கூடுகிறது. ஜூன் மாத இறுதியில் சலமன்காவில் சூரியன் மறையும்போது மணி பத்தை நெருங்கிவிடும். வயிறு சூரியனைப் பார்க்கிறது, கைக்கடிகாரம் பெர்லினைப் பார்க்கிறது. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

வந்தவர்கள் இரு கன்னத்திலும் முத்தமிட்டு வரவேற்கிறார்கள். பின்பு நடை தொடங்குகிறது. ஒரே இடத்தில் உட்கார்ந்து உண்பதில்லை. ஒரு கடையில் ஒரு கடி, அடுத்த கடையில் ஒரு கடி. ரொட்டித் துண்டின் மேல் வைத்த சிறு பண்டத்திற்குப் பிஞ்சோ என்று பெயர். உருளைக்கிழங்கு முட்டை அடை, வறுத்த பன்றிக் கன்னம், நெத்திலி மீன் என்று கடைக்கொரு சிறப்பு. ஆளுக்கொரு தொகையாகப் போட்டு ஒருத்தியிடம் கொடுத்து விடுகிறார்கள். அந்தப் பொதுப் பணத்திலிருந்தே எல்லாக் கடைக்கும் கொடுக்கிறார்கள். யார் எதைத் தின்றார் என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. தன் பங்கைச் சல்லிக்காசு பிசகாமல் தனியே கொடுத்துப் பழகிய வடநாட்டுப் பெண்ணுக்கு இதுவே முதல் வியப்பு.

'பார்' என்ற சொல்லைக் கேட்டதும் மூக்கைச் சுளிக்க வேண்டாம். அங்கே காலைக் காப்பி குடிப்பதும் பாரில்தான். பாட்டி பேரனுக்குப் பழரசம் வாங்கிக் கொடுப்பதும் பாரில்தான். ஒருத்தி சிறு கோப்பையில் பீர் வாங்கினால் மற்றொருத்தி மோஸ்தோ என்னும் புளிக்காத திராட்சைச் சாறு வாங்குகிறாள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பத்து மணி இரவில் சதுக்கத்தில் குழந்தைகள் பந்து விளையாட, தாத்தாக்கள் பெஞ்சில் அமர்ந்து வழக்குப் பேசுவதையும் காணலாம். இளைஞர் உலகம் தனி, முதியோர் உலகம் தனி என்று பிரியாத இரவு அது. ஆனால் எல்லாம் பொன் என்று நான் சாதிக்க வரவில்லை. புட்டிகளோடு தெருவில் கூடி விடிய விடியக் குடிக்கும் பழக்கமும் அந்நாட்டு இளைஞரிடம் உண்டு. மாத்ரிது மாநிலம் 2002 இல் சட்டம் போட்டே தெருக்குடியைத் தடுக்க வேண்டியிருந்தது. தோழியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவளுடையதே.

இனித்தான் உண்மையான பாடம். வகுப்பில் பேராசிரியர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். இங்கே ஆறு பேரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள்! ஒருவர் பேசும்போது குறுக்கே புகுவது அங்கே அவமதிப்பு அன்று. கதையில் ஈடுபாடு கொண்டேன் என்பதற்கு அடையாளம். நம் மாணவி மனத்திற்குள் ஒரு வாக்கியத்தைக் கட்டுகிறாள். வினைச்சொல்லைத் திருத்துகிறாள், ஆண்பால் பெண்பால் பார்க்கிறாள், வாயைத் திறக்கிறாள். அதற்குள் பேச்சு மூன்று ஊர் தாண்டிப் போய்விட்டது. எல்லாரும் சிரித்து முடித்தபின் அவள் தனியாகச் சிரிக்கிறாள். தன் ஊரில் வகுப்பிலேயே முதல் மாணவி, நகைச்சுவையாகப் பேசுவதில் கெட்டிக்காரி. இங்கே மூன்று மணி நேரம் மந்தபுத்திக்காரி போல் இருக்க வேண்டியிருக்கிறது. இந்த வெட்கம் சாதாரணமானது அன்று. பலரை மறுபடி ஆங்கிலக் கூட்டத்திற்கே விரட்டிவிடுவது இதுதான்.

அப்போது ஒரு தோழி இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறுகிறாள். அன்புதான்; ஆனால் ஆபத்தான அன்பு! அதை ஏற்றுக்கொண்டால் இரவு முழுதும் அவள் விருந்தாளி. "வேண்டாம், ஸ்பானியத்திலேயே பேசு, நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் கஷ்டம் நீடிக்கும்; ஆனால் அந்த நொடியிலிருந்து அவள் கூட்டத்தில் ஒருத்தி. என்னைக் கேட்டால், வெளிநாட்டுப் படிப்பின் மிகக் கடினமான தேர்வு அதுவே என்பேன்.

தவறுகள் நேரத்தான் செய்யும். ஒரு தோழி, தான் 'கொன்ஸ்திபாதா' என்கிறாள். நம் மாணவி அதே ஒலியுள்ள ஆங்கிலச் சொல்லை நினைத்துக்கொண்டு, மலச்சிக்கலுக்குப் பழம் நிறையத் தின்னச் சொல்லி அக்கறையோடு அறிவுரை கூறுகிறாள். மேசையே அதிர்கிறது. அந்தப் பெண்ணுக்கு இருந்ததோ ஜலதோஷம்! எல்லாரும் சிரிக்கிறார்கள், இவளும் சிரிக்கிறாள், இம்முறை சரியான நேரத்தில். அகராதியில் பத்து முறை படித்தாலும் மறந்து போகும் சொல், அன்றிரவுக்குப் பின் சாகும்வரை மறக்காது.

நம்மைப் போலவே அவர்களுக்கும் 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு உண்டு. பாடப் புத்தகம் பணிவான சொல்லையும் பழக்கும். கூட்டத்திலோ எல்லாரும் 'நீ'தான், கடைக்காரர் உட்பட. தட்டுகள் காலியான பிறகும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருப்பதற்கு அவர்களிடம் 'சொப்ரெமேசா' என்று தனிச் சொல்லே இருக்கிறது. நம் திண்ணைப் பேச்சை ஒருவாறு ஒப்பிடலாம். அந்த நேரத்தில்தான் தாத்தா காலத்துப் போர், வீட்டு வாடகை, வேலையில்லாத அண்ணன், அம்மாவோடு நடந்த சண்டை எல்லாம் வெளிவரும். ஒரு நாட்டைப் பற்றி எந்த விரிவுரையிலும் கிடைக்காத செய்திகள் இவை.

நடுவே கறுப்பு மேலங்கியும் வண்ண நாடாக்களும் அணிந்த 'தூனா' பாடகர்கள் வந்து சேரலாம். ஒரு காலத்தில் ஏழை மாணவர்கள் சூப்புக்காகப் பாடித் திரிந்த வழக்கத்தின் மிச்சம் இது. அவர்கள் சின்னம் மரக் கரண்டியும் முள்கரண்டியும். நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. இப்போது பெண்கள் குழுக்களும் உண்டு. சலமன்கா மாணவரின் இராப்பொழுது என்றுமே பேர்போனதுதான். 1570 இல் அவிலாவின் தெரேசம்மாள் அங்கே மடம் தொடங்க வந்தபோது, மாணவர்கள் அப்போதுதான் காலி செய்து போயிருந்த பெரிய வீட்டில் ஒரே ஒரு துணைக் கன்னியரோடு இரவைக் கழிக்க நேர்ந்தது. எந்த மூலையில் எந்த மாணவன் ஒளிந்திருக்கிறானோ என்று அந்தத் துணைக் கன்னியருக்குத் தூக்கமே வரவில்லை. "நான் இப்போது இறந்துபோனால் தனியே என்ன செய்வீர்கள்?" என்ற பாங்கில் அவர் கேட்க, அது நடக்கும்போது யோசித்துக்கொள்கிறேன், இப்போது தூங்க விடு என்ற கருத்தில் தெரேசம்மாள் பதில் சொன்னாராம்!

அந்தக் கன்னியரின் அச்சத்தைப் பார்த்துச் சிரித்தாலும், பெண்ணுக்கு இரவில் அச்சம் காரணமின்றி வருவதில்லை. 2016 ஜூலையில் பம்ப்ளோனா நகரின் பெருவிழா இரவில் ஐந்து ஆடவர் ஓர் இளம்பெண்ணுக்குக் கொடுமை இழைத்தார்கள். 2018 இல் கீழ் நீதிமன்றம் அதை வன்கொடுமை எனக் கொள்ளாமல் குறைந்த குற்றமாகத் தீர்ப்பளித்தபோது, நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 2019 இல் உச்ச நீதிமன்றம் அதை வன்கொடுமையே எனக் கொண்டு பதினைந்து ஆண்டுச் சிறை விதித்தது. 2022 இல் பெண்ணின் தெளிவான சம்மதத்தை மையமாக வைத்துச் சட்டமே மாறியது. கவனியுங்கள், அந்தப் பெண்கள் கேட்டது பெண்களை வீட்டில் பூட்டி வையுங்கள் என்று அன்று; இரவு எங்களுக்கும் உரியது என்று. பில்பாவோ, வீகோ போன்ற நகரங்களில் இரவுப் பேருந்தில் போகும் பெண், இரு நிறுத்தங்களுக்கு இடையே தன் வீட்டருகே இறக்கிவிடக் கேட்கலாம். நல்ல ஏற்பாடு. நம் ஊர்களிலும் யாராவது யோசிக்கலாம்.

உள்ளூர்த் தோழியர் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். எந்தத் தெரு இருட்டு, எந்தக் கடை ஒழுங்கு, எவனிடம் எப்படி 'போ' என்று சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். புதியவளுக்குத் தெரியாது. அவளைப் போன்ற இன்னும் பத்துப் புதியவர்களுக்கும் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு அவளை வாசல் வரை கொண்டுவந்து விடுகிறார்கள். "உள்ளே போனதும் செய்தி அனுப்பு" என்கிறார்கள். அதே சொல்லை அவர்கள் ஒவ்வொருவரும் மற்றவரிடமும் சொல்லிக்கொள்கிறார்கள். எல்லாரிடமிருந்தும் 'வந்து சேர்ந்தேன்' என்ற செய்தி வரும்வரை யாரும் தூங்குவதில்லை. நம் அம்மாமார் விளக்கை அணைக்காமல் காத்திருப்பார்களே, கிட்டத்தட்ட அப்படி.

மறுநாள் காலை ஒன்பது மணி வகுப்பில் அவள் கொட்டாவி விடுவாள், மறைக்கவில்லை. வாரத்தில் ஒரு வியாழன் என்றால் அந்தக் கொட்டாவிக்காக நான் பேராசிரியரிடம் பரிந்து பேசத் தயார். செவ்வாயும் புதனும் சேர்த்துப் போனால் அதற்கு என்னிடம் நியாயம் இல்லை.