வெட்டி வாங்கிய வரலாறு

என் வீட்டு வரவேற்பறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய துணித்துண்டு இருக்கிறது. ஒரு முழ நீளம். அகலம் அதைவிடச் சற்றுக் குறைவு. நீல நிற இலைகள், அவற்றுக்கு நடுவே ஒரு பறவையின் வால். பறவை இல்லை. தீபாவளிக்கு வரும் உறவினர்கள் முறுக்கைக் கடித்தபடியே அதைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, கிழிஞ்ச துணிக்குப் போயி சட்டம் போட்டு வச்சிருக்க?” என்பார்கள். சிரித்துச் சமாளித்துவிடுவேன். மீதிப் பறவை எங்கே என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் நான் தலைகுனிய வேண்டியிருக்கும்.

2006ஆம் ஆண்டு, மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் பெல்ஜியத்தில் சில மாதங்கள் படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழம்பொருள் சந்தை ஒன்றில் அந்தத் துணியைக் கண்டேன். அப்போது அது இதைப்போல் இரு மடங்கு இருந்தது. பறவையும் முழுதாக இருந்தது. விலையோ என் உபகாரச் சம்பளத்துக்கு எட்டவில்லை. நான் தயங்குவதைப் பார்த்த கடைக்காரர், “பாதி போதுமா?” என்று கேட்டுக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தார். நான் தடுக்கவில்லை. பாதி விலை கொடுத்தேன். பாதித் துணியோடு விடுதிக்குத் திரும்பினேன். மலிவாக வாங்கிவிட்டோம் என்ற பெருமை வேறு!

நான் என்ன செய்தேன் என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. டேப்பஸ்ட்ரி என்பது துணிமேல் வரைந்த படமன்று; பூவேலைத் தையலுமன்று. பாவு நூலில் ஒவ்வொரு நிற ஊடை நூலையும் அதற்குரிய இடத்தில் மட்டும் ஓட்டி, திருப்பி, மீண்டும் ஓட்டி நெய்வது. படமே துணி, துணியே படம். ஆகவே அதை வெட்டினால் படத்தோடு நெசவும் அறுபடுகிறது. ஓரங்கள் பிரியத் தொடங்குகின்றன. என் துண்டின் இலைகள் நெய்த காலத்தில் பச்சையாகவே இருந்திருக்கும். மஞ்சள் சாயமும் நீலச் சாயமும் சேர்ந்து கொடுத்த பச்சை அது. மஞ்சள் வெளிச்சத்தில் விரைவில் வெளுத்துவிடும், நீலம் நிலைக்கும். அதனால்தான் பழைய டேப்பஸ்ட்ரிகளில் காடுகளெல்லாம் நீலமாகத் தெரிகின்றன.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பிரசல்ஸ் நகரில் நெய்யப்படும் டேப்பஸ்ட்ரிகளில் நகர முத்திரையை நெய்தே ஆகவேண்டும் என்று 1528இல் விதி செய்தார்கள். ஒரு கேடயம், அதன் இரு பக்கமும் ‘பி’ என்னும் எழுத்து. அதன் இடம் துணியின் ஓரம். துண்டு போடுகிறவர்கள் முதலில் வெட்டி எறிவதோ அந்த ஓரத்தைத்தான்! என் துண்டு எந்த ஊரில் நெய்யப்பட்டது என்று இன்று என்னால் சொல்ல இயலாது. இலையும் மரமும் நிறைந்த இவ்வகை நெசவுக்கு ஊடனார்ட் நகரம் பெயர் பெற்றது என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

பழந்துணித் துண்டுகளைச் சேர்ப்பதே தவறு என்பது என் வாதமன்று. துண்டுகளைச் சேர்த்தவர்களால் பிழைத்த செல்வங்கள் பல உண்டு. பிரான்ஸின் ஆஞ்ஜே நகரிலுள்ள ‘அப்போகலிப்ஸ்’ டேப்பஸ்ட்ரி 14ஆம் நூற்றாண்டினது. தொடக்கத்தில் ஏறத்தாழ 140 மீட்டர் நீளம் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அதைத் துண்டு துண்டாக்கி, குதிரை லாயத்துக்கும் பனியிலிருந்து ஆரஞ்சு மரங்களைக் காக்கவும் பயன்படுத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜூபேர் என்ற பாதிரியார் துண்டுகளைத் தேடிச் சேர்த்துச் செப்பனிட்டார். அதனால் இன்று சுமார் 100 மீட்டரைக் காண முடிகிறது. அவரும் துண்டு சேர்த்தவர்தான். நானும் துண்டு சேர்த்தவன்தான். அவர் பிரிந்தவற்றைச் சேர்த்தார். நான் சேர்ந்திருந்ததைப் பிரித்தேன்.

வாங்குபவர் இருப்பதால்தான் கத்தரிக்கோல் வெளியே வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் அக்மீம் இடுகாடுகளில் தோண்டி எடுத்த பழந்துணிகளுக்கு நேர்ந்ததும் இதுவே. வண்ணச் சித்திரம் உள்ள பகுதியை மட்டும் வணிகர்கள் வெட்டி விற்றார்கள்; வெறும் நூல்துணியை ஒதுக்கிவிட்டார்கள். ஒரு துண்டு சட்டையிலிருந்து வந்ததா, திரையிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாமல் அறிஞர்கள் திணறுகிறார்கள்.

“இதெல்லாம் வெள்ளைக்காரர் வீட்டு விவகாரம், நமக்கென்ன?” என்று சிலர் கேட்கலாம். 1797இல் பிரெஞ்சு அரசு, அரண்மனை டேப்பஸ்ட்ரிகள் பலவற்றைத் தீயிலிட்டது. எதற்காகத் தெரியுமா? நூலில் சுற்றியிருந்த பொன்னையும் வெள்ளியையும் பிரித்தெடுக்க! தமிழகத்தில் பழைய பட்டுச்சேலையை வாங்கிச் சரிகையிலுள்ள வெள்ளிக்காக எரிப்பவர்கள் இருக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றல்லவா? எரிப்பதற்குக் கொடுக்க மனமில்லாதவர்கள் வெட்டுகிறோம். பாட்டியின் சேலைக் கரை மெத்தை உறையாகிறது. முந்தானை சுவர் அலங்காரமாகிறது.

எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. பாட்டி மறைந்த பிறகு அவருடைய கூறைச்சேலையை அம்மா பெட்டியிலிருந்து எடுத்தார். “நீங்க மூணு பேரு. ஆளுக்கொரு துண்டு வெட்டிக்குங்க. உன்னோட அந்தத் துணி மாதிரி சட்டம் போட்டு மாட்டுங்க. பெட்டியில கெடந்து மக்கிப் போறதுக்கு அது தேவலை” என்றார்.

அம்மாவின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மடித்த மடிப்பிலேயே பல்லாண்டு கிடக்கும் சரிகைப் பட்டு, மடிப்பில் விட்டுப்போகும். யாரும் பார்க்காத செல்வத்தால் யாருக்கு என்ன பயன்? ஆனாலும் நான் மறுத்தேன். வெட்டினால் ஒருவருக்கு முந்தானை போகும். ஒருவருக்கு மஞ்சள் கறை படிந்த தலைப்பு போகும். ஒருவருக்கு வெறும் உடல்பகுதி மிஞ்சும். எங்கள் பிள்ளைகள் காலத்தில் அவை மூன்றும் ஒரே சேலை என்று யார் சொல்வார்கள்? என் பறவைக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேரும்.

எங்கள் முடிவு எளிமையானது. சேலை முழுதாக இருக்கும். ஆண்டுக்கு ஒரு வீடாக மாறும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது வெயில் படாத அறையில் பிரித்து, மடிப்பை மாற்ற வேண்டும். யாருடையது, எந்தத் திருமணத்துக்கு வாங்கியது, யார் யார் உடுத்தினார்கள் என்று ஒரு தாளில் அம்மாவே எழுதி உள்ளே வைத்திருக்கிறார். இந்த ஆண்டு அது தங்கை வீட்டில் இருக்கிறது.

நண்பர்களே, வீட்டை அழகுபடுத்துங்கள். பழந்துணியால் அழகுபடுத்துவதும் நல்லதே. ஏற்கனவே கிழிந்து தனித்து நிற்கும் துண்டுக்கு இடம் கொடுங்கள். பசை தடவாதீர்கள், பின்னால் பருத்தித் துணி கொடுத்துத் தையுங்கள், கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி விடுங்கள். நம் அடுக்குமாடி வீடுகளில் சன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டவே வேண்டாம். எங்கிருந்து வந்தது என்பதை எழுதி வையுங்கள். ஆனால் உங்களுக்காக ஒரு முழுத் துணியை யாராவது வெட்ட முன்வந்தால், பணமில்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

என் சட்டத்தின் பின்புறத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். சந்தை நடந்த ஊர், ஆண்டு, கொடுத்த விலை எல்லாம் அதில் உண்டு. கடைசி வரி இது: ‘மறுபாதியில் பறவையின் தலை இருக்கிறது. இதை வெட்டச் சம்மதித்தவன் நான்.’